அமுக்கி வைத்த வட்டங்கள்

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் பட்டப்பெயர் குத்தூசி. பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைத் தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித்தான் எழுத வேண்டும். அதற்கு மரப்பிடி போட்ட, முனை மழுங்கிய சின்ன ஊசி ஒன்று உண்டு. அதை அண்ணி கைப்பையின் வெளி மடிப்பில் செருகி வைத்திருப்பார். பெயர் அதனால் வந்தது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். வாயால் வந்தது என்று என் அண்ணன் சொல்வான்.

பார்வை குறைந்த பிள்ளைகளையும் பார்வையே இல்லாத பிள்ளைகளையும் தனிப் பள்ளிக்கு அனுப்பாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் அதே பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார வைப்பது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. பெஞ்சில் உட்கார வைத்ததுமே எல்லோரும் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை. படிக்கப் புத்தகம், எழுதக் கருவி, பரீட்சையில் சொல்வதை எழுத ஓர் ஆள், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சல், இத்தனைக்கும் சேர்த்து நகரத்தின் இந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே ஆள். திங்கட்கிழமை ஒரு பள்ளி, செவ்வாய்க்கிழமை வேறொன்று என்று அண்ணி பேருந்து மாறி மாறிப் போவார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. உருப்பெருக்கிக் கண்ணாடி, கறுப்பு மையில் பட்டையாக எழுதும் பேனா, நூல்கண்டு, பசை, ரப்பர் விரிப்பு, புள்ளிப் பலகை என்று உள்ளே ஒரு கடையே இருக்கும். "டீச்சர், உங்களுக்கு ஒரு டிக்கெட், மூட்டைக்கு ஒரு டிக்கெட்" என்பார் நடத்துநர். "மூட்டைக்கு சீட் கொடுங்க, நான் நின்னுக்கறேன்" என்பார் அண்ணி.

முதலில் அவர் சாதாரண வகுப்பாசிரியர்தான். சேர்ந்த வருடம் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி இருந்தாள். சண்டை போட மாட்டாள், பேச மாட்டாள், ஒழுக்கத்துக்குப் பரிசெல்லாம் வாங்கியிருந்தாள். ஒருநாள் அண்ணி அவளிடம் பெயரை எழுதச் சொன்னார். எழுதத் தெரியவில்லை. எழுத்து என்பதே தெரியவில்லை. கண் சரியாகத் தெரியாது, பாவம் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவரும் அவளை அடுத்த வகுப்புக்குத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். முந்தைய வகுப்பாசிரியரிடம் போய் அண்ணி கேட்டார். "அதுவா? தொந்தரவே பண்ணாது டீச்சர். தங்கமான பிள்ளை" என்று பதில் வந்தது.

"அந்தக் கோபத்துலதான் இந்தப் பயிற்சிக்குப் போனேன்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். "இன்னும் அது ஆறலை. ஆற விடவும் மாட்டேங்கறாங்க."

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பையோடு நான் அண்ணன் வீட்டில் வந்து இறங்கியது பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விட்ட வாரம். உட்கார இடமில்லை. சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், தொலைக்காட்சியின் தலை, எங்கே பார்த்தாலும் தடித்த தாள். நடுவில் அண்ணி தலையைத் தூக்காமல் டக் டக்கென்று குத்திக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் என் அண்ணன், கையில் தட்டோடு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வா வா. கட்டில்ல ஏறி உட்காரு. இப்பல்லாம் அதுதான் எங்க சாப்பாட்டு மேசை."

"என்ன அண்ணி இது?"

"கணக்குப் புத்தகம்" என்றார் அண்ணி. "பத்தாம் வகுப்பு. ஊசி இன்னொண்ணு இருக்கு. உனக்குக் கை சும்மாதானே இருக்கு?"

அந்தப் புத்தகம் ஒரு பெண்ணுக்கு. வகுப்பில் எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எது சொன்னாலும் "ஏன்?" என்று கேட்காமல் விடமாட்டாள். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அப்பா ரொட்டி அடுமனையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். வக்கீலுக்குக் கணக்கு என்றால் உயிர். மேல்வகுப்பில் கணினிப் பிரிவு எடுக்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குத் தாள் எழுதித் தேறியாக வேண்டும்.

இங்கேதான் பெரிய சார் வருகிறார். பள்ளியின் தலைமையாசிரியர். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதைப்போல் பேசுவார். பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குத் தாளிலிருந்து விலக்கு உண்டு. வேண்டாம் என்றால் எழுத வேண்டியதில்லை. அது சலுகை. ஆனால் அந்தப் பள்ளியில் அது சட்டம். எழுத வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், இவளால் முடியும் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பெரிய சார் இதுவரை அப்படி ஒரு கையெழுத்துப் போட்டதே இல்லை.

"எதுக்கு டீச்சர் அந்தப் பிள்ளையை வருத்தறீங்க? பாவம், நிம்மதியா மத்த பாடத்தை எழுதட்டும்" என்றாராம்.

"சார், அவளுக்குக் கணக்குதான் நிம்மதி."

"பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல புத்தகம் இருக்கா?"

புத்தகம் இல்லை. மொழிப்பாடம், வரலாறு எல்லாம் புள்ளி எழுத்தில் அச்சாகி வந்துவிடும். கணக்கு வராது. ஏன் என்று அண்ணி புத்தக அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, யாரும் கேட்பதில்லை, எல்லோரும் விலக்கு வாங்கிவிடுகிறார்கள் என்றார்கள். பள்ளியில் கேட்டால், புத்தகமே இல்லாமல் எப்படி, அதனால்தான் விலக்கு என்கிறார்கள். புத்தகம் இல்லாததால் விலக்கு. விலக்கு வாங்குவதால் புத்தகம் இல்லை. இதை அண்ணி என்னிடம் விளக்கிச் சொன்னபோது எனக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. "உடைக்காதே, குத்து" என்று தாளை நீட்டினார்.

எந்த எழுத்துக்கு எந்தெந்தப் புள்ளி என்று அண்ணி எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்துக் குத்தினாலும் அது லேசான வேலை இல்லை. தாளின் பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்த வேண்டும். தாளைப் புரட்டினால் புள்ளிகள் மேடாக எழுந்து நேராகும். ஒரு புள்ளி தப்பினால் கூட்டல் கழித்தலாகிவிடும். நான் குத்திய முதல் பக்கத்தை அண்ணி விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தார். பிறகு கிழித்துப் போட்டார்.

"என்ன அண்ணி, அவ்வளவு மோசமா?"

"இதைப் படிச்சா அந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ரெண்டும் முக்கோணம்னு வரும்."

வடிவியல் பாடம் வந்தபோது வேகம் இன்னும் குறைந்தது. வக்கீலின் அம்மா துணியில் கோடு போடும் பல்சக்கரத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். ரப்பர் விரிப்பின்மேல் தாளைக் கவிழ்த்து, சக்கரத்தை அழுத்தி உருட்டினால் மறுபக்கம் மணிமணியாக ஒரு கோடு எழும். அப்படித்தான் அண்ணி வட்டம் போட்டார், தொடுகோடு போட்டார். மையத்துக்கு ஒரு சின்ன முடிச்சை ஒட்டினார். என் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அண்ணியின் ஆள்காட்டி விரலில் பழைய காய்ப்பின் மேல் புதுக்காய்ப்பு ஏறியது. அண்ணன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினான். "மரங்கொத்தியைக் கட்டினவன் நான் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

விடுமுறை முடியும் முன்பே புத்தகம் முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கு, இந்த எழுத்தில் ஒரு பெரிய பெட்டி நிறைய வந்தது. பாடத்துக்கு ஒரு கட்டாக நூலால் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், பள்ளியில் பூட்டு உள்ள ஒரே அலமாரியான பெரிய சார் அறை அலமாரியில் வைத்தோம். பெரிய சார் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அண்ணி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். நானும் நம்பினேன்.

பள்ளி திறந்த அன்று அண்ணியோடு நானும் போனேன். வாசலில் வக்கீல் காத்துக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, மடிக்கும் வெள்ளைக் கோல், இடுப்பில் கை.

"டீச்சர், வட்டம் இருக்கா?"

"இருக்கு."

"வட்டத்துக்கு வெளிய இருக்கற புள்ளியிலேருந்து ரெண்டு தொடுகோடு வருமாமே, அது?"

"அதுவும் இருக்கு. நடையைக் கட்டு."

பெரிய சார் எங்களை வரவேற்க எழுந்தே நின்றார். மேசைமேல் சிவப்பு அட்டை போட்ட பெரிய பெரிய புத்தகங்கள் வரிசையாக நின்றன. முதுகில் பொன்னிற எழுத்தில் 'கணிதம்' என்றும், அதைவிடப் பெரிய எழுத்தில் பள்ளியின் பெயரும் இருந்தன.

"சொல்லாம வெச்சிருந்தேன் டீச்சர். நீங்க அசந்து போகணும்னு" என்றார். "தாளெல்லாம் கலைஞ்சு கலைஞ்சு கிடந்துச்சு. பார்க்கவே சங்கடமா இருந்துச்சு. நம்ம ஊர்லயே நல்ல பைண்டர்கிட்ட கொடுத்தேன். புடைப்பு புடைப்பா இருந்தா தைக்க வராதுன்னார். பிரஸ்ல வெச்சு நல்லா இறுக்கி, எல்லாத்தையும் சமமாக்கிக் கொடுத்திருக்கார். பாருங்க, எவ்வளவு நேர்த்தி!"

அண்ணியின் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது.

வக்கீல் அதற்குள் மேசையைத் தடவி ஒரு புத்தகத்தைத் திறந்திருந்தாள். விரல்கள் பக்கத்தின் மேல்மூலையில் தொடங்கி வலப்புறம் ஓடின. திரும்பி வந்தன. அடுத்த பக்கம். நடுவில் ஒரு பக்கம். கடைசிப் பக்கம். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். புத்தகத்தை மூடி முதுகைத் தடவினாள். அந்தப் புத்தகத்தில் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தின் பெயர். அந்தப் பெயரின் பொன் எழுத்துகளை மட்டும் ஆழமாகப் பதித்திருந்தார்கள். அவளுக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது.

"பெரிய சார், இது யாரோட புத்தகம்?"

"உன்னோடதும்மா. உனக்காகத்தான்."

"இல்ல சார். என்னோடதுல எழுத்து இருக்கும்."

அண்ணி ஒரு பக்கத்தைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பொட்டுப் பொட்டாக நிழல்போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். ஓரங்களைச் சீராக்குவதாக நினைத்து பைண்டர் வரிக்கடைசிகளையும் வெட்டித் தள்ளியிருந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவர், அதற்கு ரிப்பனும் கட்டிக் கொடுத்துவிட்டு, நாங்கள் பாராட்டுவோம் என்று நின்றார்.

"யாரைக் கேட்டு சார் இதைப் பண்ணீங்க?"

"என்ன டீச்சர், ஒரு நல்லது பண்ணினா..."

"அந்தப் புடைப்புதான் சார் எழுத்து! அந்தப் புடைப்புதான் பாடம்! நீங்க அச்சடிச்ச புத்தகத்தை வாங்கி, மையை எல்லாம் கழுவிட்டு, பேப்பர் வெள்ளையா இருக்குன்னு கொடுப்பீங்களா?"

பெரிய சார் உட்கார்ந்தார். அந்த நொடியில் ஒரு வார்த்தை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நன்றின்னு ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். சரி, விடுங்க. கடவுளே வழி காட்டிட்டார்னு நினைச்சுக்குவோம். புத்தகம்தான் இல்லைன்னு ஆயிடுச்சே. விலக்கு வாங்கிடலாம்."

அங்கே உட்கார்ந்திருந்த கணக்கு சார், எங்களை ஆறுதல்படுத்துவதாக நினைத்து, வாயைத் திறந்தார். "ஆமா டீச்சர். இந்தப் பிள்ளை போன பரீட்சையில எடுத்த மார்க்கே குருட்டாம்போக்குல வந்ததுதானே."

"ஆமா சார்" என்றாள் வக்கீல். "நான் எல்லாத்தையும் அந்தப் போக்குலதான் சார் போடறேன். வேற போக்கு எனக்குத் தெரியாது."

கணக்கு சார் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

கதவு வரை வந்தபிறகு பெரிய சார் அண்ணியை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றதால் எனக்கும் கேட்டது. அடுத்த வாரம் பள்ளியில் ஒரு விழா. கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். அந்த மேடையில் புத்தகத்தை வெளியிடுவதாக அழைப்பிதழே அச்சாகிவிட்டது. வக்கீல் மேடையேறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும்.

"எதை வாசிப்பா சார்?"

"அவளுக்குத்தான் பாடமெல்லாம் மனப்பாடமாச்சே. விரலை மேல ஓட்டிக்கிட்டே சொன்னாப் போதும். யாருக்குத் தெரியப் போகுது? முடிஞ்சதும் மறுநாளே கையெழுத்துப் போட்டுடறேன். பரீட்சை எழுதட்டும். நான் என்ன கல்நெஞ்சக்காரனா?"

அன்று மாலை வக்கீலின் வீட்டில் உட்கார்ந்து, பெரிய சார் சொன்னதை அவளிடமும் அவள் அம்மாவிடமும் அண்ணி சொன்னார். தையல் இயந்திரத்தின்மேல் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. அவள் அம்மா, "வாசிச்சுடட்டும் டீச்சர். ஒரு பக்கம்தானே. கையெழுத்துக் கிடைச்சுடும்ல?" என்றார். அண்ணி வெடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே, "வாசிக்கட்டும்" என்றார்.

தெருவுக்கு வந்ததும் நான்தான் வெடித்தேன்.

"எப்படி அண்ணி உங்களால முடியுது? நீங்களா இப்படிச் சொல்றது? அந்த ஆள் பண்ணின தப்பை மறைக்க அவ மேடையில நடிக்கணுமா?"

அண்ணி நின்றார்.

"உனக்கு ஒரு இடம் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவே? பையைத் தூக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவே. கோபப்பட உனக்கு வசதி இருக்கு. நான் அடுத்த வாரமும் அதே கேட்டுக்குள்ள போகணும். அங்க கீழ் வகுப்புல இன்னொரு பிள்ளை இருக்கு. பக்கத்துப் பள்ளியில ரெண்டு இருக்கு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெரிய சார் உட்கார்ந்திருக்கார். எல்லாரையும் நான் கடிச்சு வெச்சா, கதவை யார் திறப்பா?"

அவர் சொன்னது சரி என்பதால் என் கோபம் இன்னும் ஏறியது. வீட்டுக்குப் போனதும் அண்ணி மேசையைத் துடைத்தார், புதுத்தாள் கட்டைப் பிரித்தார், முதல் பாடத்திலிருந்து மறுபடியும் குத்தத் தொடங்கினார். ஒவ்வொரு குத்தும் யாருடைய முதுகில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். நானும் ஓர் ஊசியை எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்குப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. மேடையில் சிவப்புப் புத்தகங்களுக்குத் தனி மேசை, மேசைக்கு வெல்வெட் துணி. பெரிய சார் பேசினார். புறக்கண் இல்லாவிட்டால் என்ன, அகக்கண் இருக்கிறதே என்றார். இந்தக் குழந்தையின் இருளில் எங்கள் பள்ளி ஏற்றிய சிறு விளக்கு இந்தப் புத்தகம் என்றார். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அண்ணியின் பெயரைப் பெரிய சார் சொல்லவில்லை. என் பக்கத்தில் அண்ணி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அந்தக் காய்ப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வக்கீலை மேடையேற்றினார்கள். ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தின் மேல் மூலையில் விரலை வைத்தாள். விரல் மெல்ல ஓடியது. குரல் கணீரென்று, வகுப்பில் பாடம் வாசிக்கும் அதே ராகத்தில் வந்தது.

"பாடம் எட்டு. வட்டங்கள். இந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறது. இரண்டாம் வரியும் வழவழப்பாக இருக்கிறது. படம் ஒன்றைக் காண்க. படம் ஒன்று காணப்படவில்லை."

கைதட்டல் எழுந்தது. பலமான கைதட்டல். ஒருவர்கூட வார்த்தைகளைக் கேட்கவில்லை. கண் தெரியாத பிள்ளை வாசிக்கிறது, அது போதும் அவர்களுக்கு. அவள் கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்து, பக்கத்தைப் புரட்டினாள்.

"வட்டத்தின் மையம் இங்கே இருந்தது. தற்போது இல்லை. ஆரமும் இல்லை. பயிற்சி வினா. எழுத்துகளை பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் மீதி வருவது என்ன? சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக."

மாணவர்கள் பக்கம் முதலில் ஒரு களுக். பிறகு இன்னொன்று. அண்ணி என் கையை நகம் பதியப் பற்றினார். மேடையில் அலுவலக மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரும்மா. அதுல அப்படியா போட்டிருக்கு?"

"இதுல எதுவுமே போடலை மேடம். தொட்டுப் பாருங்க."

மேடம் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி இன்னொரு முறை தொட்டார். "ஆமா, வெறும் தாளாத்தான் இருக்கு" என்று ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதை மறந்து சொல்லிவிட்டார். மைதானம் முழுக்கக் கேட்டது. பெரிய சாரின் உதட்டில் மேடைச் சிரிப்பு அப்படியே இருந்தது, முகத்தில் மற்றதெல்லாம் இறங்கிவிட்டது.

அத்தோடு எல்லாம் போயிற்று, கையெழுத்தும் போயிற்று என்று நினைத்தேன். வக்கீல் ஒலிவாங்கியை விடவில்லை.

"பைண்டருக்கு விவரம் தெரியாம நடந்துபோச்சு மேடம். ஆனா அதுக்காக எங்க பெரிய சார் சும்மா இருந்துடலை. நாளைக்கே கையெழுத்துப் போட்டு என்னைப் பொதுத்தேர்வுல கணக்கு எழுத அனுப்பறேன்னு எங்க டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கார். எங்க டீச்சர் மறுபடியும் முதல்லேருந்து புத்தகம் எழுதிட்டிருக்காங்க. பார்வை இல்லாத பிள்ளைக்கு இந்தப் பள்ளியில இப்படி ஒரு கையெழுத்துக் கிடைக்கறது இதுதான் முதல் தடவை. நன்றி பெரிய சார். எல்லாரும் பெரிய சாருக்குக் கை தட்டுங்க."

தட்டினார்கள். மாணவர்கள் விசில் அடித்தார்கள். கைக்குட்டைக்காரர் எழுந்து நின்று தட்டினார். மேடமும் தட்டினார். பெரிய சார் வேறு வழியில்லாமல் எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் காலை அவர் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்ததாக அண்ணி சொன்னார்.

"நன்றி சொல்ல நல்லாவே கத்துக் கொடுத்திருக்கீங்க டீச்சர்."

"நான் கத்துக் கொடுக்கலை சார். நீங்கதான் கேட்டீங்க."

வெளியே வந்ததும் அண்ணி வக்கீலைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறாரா கட்டிக்கொள்ளப் போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. "நான் உன்னை என்ன பண்ணச் சொன்னேன்?"

"நீங்க சொன்னபடிதான் டீச்சர் பண்ணினேன். விரலை ஓட்டச் சொன்னீங்க, ஓட்டினேன். வாயைத் திறக்கச் சொன்னீங்க, திறந்தேன்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை மன்னிச்சுடு" என்று மட்டும் சொன்னார். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்காமல் இருக்க அவள் வக்கீல் இல்லையா? கேட்டாள்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. ஒரு வருடத்துக்கு ஒரு பெண் பொறியில் சிக்காமல் தப்பினாள், அவ்வளவுதான். இரண்டாவது புத்தகம் பரீட்சைக்குள் முழுதாக முடியவே இல்லை. கடைசிப் பாடங்களை அண்ணி வாயால் வாசித்துக்காட்ட, அவள் காதால் கேட்டு மனத்தில் படம் போட்டுக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் இரண்டாம் முறை திருப்புதல் செய்த நாட்களில் அவள் முதல்முறை பாடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை. சிவப்புப் புத்தகங்கள் இன்னமும் பெரிய சாரின் அறையில், கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணியின்மேல் நிற்கின்றன. வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். அடுத்த வருடம் அங்கே பத்தாம் வகுப்புக்கு வரும் ஒரு பையனுக்கு விலக்கு இப்போதே எழுதி வைத்தாயிற்று என்று கேள்வி.

வக்கீல் தேறிவிட்டாள் என்பதையும், கணினிப் பிரிவு கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் மனத்தில் நிற்பது முடிவு வந்த நாள் இல்லை, கணக்குப் பரீட்சை முடிந்த மதியம்.

பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். வெயில். வக்கீல் வினாக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணி விடைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வட்டத்தின் பரப்பு வந்தது. விடையைச் சொன்னாள். அண்ணி நின்றுவிட்டார். மறுபடி சொல்லச் சொன்னார்.

"அது விட்டம்டீ! அவன் கொடுத்தது விட்டம்! பாதியாக்கினியா?"

வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ..."

"ஐயோவா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? விரலை வெச்சு முடிச்சைத் தொட்டுக் காட்டினேனே, இதுலேருந்து இதுவரைக்கும்தான் ஆரம்னு! வட்டம் வட்டம்னு உயிரை எடுத்தியே, அந்த வட்டத்துலயே கோட்டை விட்டுட்டு வந்து நிக்கறே? மண்டையில என்ன வெச்சிருக்கே? கவனம் எங்க போச்சு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண்மணி பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தார். "என்னம்மா நீங்க, படிச்சவங்கதானே? கண்ணு தெரியாத பிள்ளையைப் போட்டு நடுரோட்டுல இப்படித் திட்டறீங்க! பாவமா இல்லையா உங்களுக்கு?"

வக்கீல் வெள்ளைக் கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நான் கணக்கைத் தப்பாப் போட்டேன், அவங்க திட்டறாங்க. உங்களுக்கு என்னங்க?" என்றாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க டீச்சர். அடுத்தது பதினாலாவது கேள்வி" என்றாள்.